பூஜைக்கு வைத்த பெட்ரோல் கப்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்த காலத்தில், என் மேஜைக்குப் பீஸ் வருகிறது என்றாலே லைனில் நிற்கும் ஆம்பளைகள் உஷாராகிவிடுவார்கள். "அந்தம்மா இன்னிக்கு இன்னா மூடுல கீதுன்னு பாத்துக்கினு அனுப்புடா" என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். நானும் கேட்டுக்கொண்டே ரிஜெக்ட் பெட்டியில் போடுவேன். சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் அசைய மாட்டேன். அப்படிப்பட்டவள்தான் நான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது.

நான் படித்தது விமானப் பராமரிப்பில் டிப்ளமோ. மண்ணூரில் எங்கள் தெருவே அதை வைத்து என்னை ஓட்டியது. "ஏரோபிளேன் ரிப்பேரா? நம்ம ஏரிக்கரையாண்ட வந்து நிக்குமா, நீ போய் பஞ்சர் போடுவியா?" என்பார்கள். படிப்பை முடித்து, வேலை கிடைக்காமல், கார் கம்பெனிக்குப் போய், கல்யாணமும் ஆகி, ஒரு பிள்ளையும் பெற்ற பிறகுதான் ஒரகடத்தைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு சின்ன விமானப் பயிற்சி கிளப்பில் எனக்கு வேலை கிடைத்தது. கிளப் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ஒரு ஓடுதளம், தகரக் கொட்டகை ஒன்று, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று. ஆனால் முதல் நாள் அந்த இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொட்டகையில் என்னோடு வேலை பார்த்தவர் தென்காசிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கேப்டன். பெரிய கம்பெனி ஒன்றில் பைலட்டாக இருந்து ரிடையர் ஆனவர். படப்பையில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டில் மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். கிளப்பில் அவருக்குக் கொடுத்தது பெட்ரோல் செலவுக்கே காணாது. ஏன் சார் வருகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "வேற என்னம்மா தெரியும் எனக்கு? வீட்ல இருந்தா பேப்பரை மடிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டு அவகிட்ட திட்டு வாங்கணும். மேல போனா மனுஷனா இருக்கேன். மெடிக்கல்ல பாஸ் பண்ற வரைக்கும் பறப்பேன், அப்புறம் கர்த்தர் விட்ட வழி" என்றார். ஒவ்வொரு தடவை மெடிக்கல் பரீட்சை நெருங்கும்போதும் டீயில் சர்க்கரையை நிறுத்திவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சைக்குப் பயப்படுவது போலப் பயப்படுவார். நானும் அண்ணாச்சியும் அவரை அதை வைத்துக் கிண்டல் செய்வோம்.

விமானத்தின் பெட்ரோல் இறக்கைகளுக்குள் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு டேங்க், அந்தப் பக்கம் ஒரு டேங்க். மேலே மூடி, கீழே சின்னதாக ஒரு வால்வு. பறப்பதற்கு முன்னால் அந்த வால்வைக் கீழிருந்து குத்தி, கண்ணாடி போன்ற ஒரு கப்பில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பெட்ரோல் நீல நிறம். உள்ளே தண்ணீர் சேர்ந்திருந்தால் கப்பின் அடியில் நிறமில்லாமல் தனியாகத் தங்கும். குழந்தைக்குக்கூடத் தெரியும். தண்ணீர் போனால் இஞ்சின் நின்றுவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையை நான்தான் செய்வேன். கேப்டன் பிறகு வந்து ஒரு பார்வை பார்ப்பார்.

வலது டேங்கின் மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. வேறு வாங்கச் சொல்லி முதலாளியிடம் கத்தினேன். "அடுத்த லாட்ல சேத்து வாங்கிக்கலாம்மா, ஒரு ரப்பருக்குன்னு தனியா ஆர்டர் போட முடியுமா" என்றார். அடுத்த லாட் வரவேயில்லை. நானும் ஓரளவு கத்திவிட்டு, பாலிதீன் கவரை மூடி மேல் கட்டி, மழைக்கு அதுவே போதும் என்று பழகிவிட்டேன். கார் கம்பெனியில் இருந்திருந்தால் அந்த மூடியைத் தூக்கிக் குப்பையில் எறிந்திருப்பேன். இங்கே என்னமோ, இது நம் வீடு மாதிரி, நாமே சமாளித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. முதலாளி மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. அன்றைக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து ட்ரெய்லர் லாரி வரைக்கும் வாழைக்கன்று கட்டியிருக்கும். பெரிய பெரிய கம்பெனிகளில் ரோபோவுக்கே பொட்டு வைப்பார்கள். நான் கிளப்பில் சேர்ந்த புதிதில் பூஜையை அண்ணாச்சியும் வாட்ச்மேனும் செய்தார்கள். என்னைப் பொரி பொட்டலம் கட்டச் சொன்னார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஸ்பேனர் பிடிக்கிற கை இது, கற்பூரம் பிடிக்கக் கூடாதா?" என்று சண்டை போட்டேன். வாட்ச்மேன், "அதுக்கில்லமா, பொம்பளைங்கன்னா நாள் கெழமை பாக்கணும், அதான்" என்று இழுத்தார். "அதை நான் பாத்துக்கிறேன், உன் வேலையப் பாரு" என்றேன். மறு வருஷத்திலிருந்து பூஜை என் கையில். அண்ணாச்சியே, "இனி தாயிதான் நமக்கு ஐயரு" என்று சொல்லித் திரிந்தார். எனக்கு அதில் ஒரே பெருமை.

நான் சொல்ல வந்தது நடந்த வருஷம் பூஜையன்று காலையில் வந்ததும் வழக்கம் போலப் பெட்ரோல் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பிறகுதான் கழுவ ஆரம்பித்தோம். ஹைவேயில் லாரிக்கு வாட்டர் வாஷ் அடிக்கும் கடையிலிருந்து மிஷினை இரவல் வாங்கி வந்திருந்தோம். பீய்ச்சி அடித்தால் இறக்கை பளபளவென்று வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அண்ணாச்சி கையிலிருந்து குழாயைப் பிடுங்கி, ஏணி மேல் ஏறி, நானே மேலே அடித்தேன். மூடி மேல் பாலிதீன் கட்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அப்புறம் பூஜை. வாழை இலை போட்டு, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், குறடு, டார்ச் லைட், எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தப் பெட்ரோல் கப்புக்கும் வைத்தேன். விமானத்தின் மூக்கில் சாமந்தி மாலை. கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார். கற்பூரம் காட்டி முடித்ததும், "பிரசாதம் சாப்பிட எனக்குத் தடையில்ல" என்று சொல்லி இரண்டு பொட்டலம் பொரியை ஜேபியில் போட்டுக்கொண்டார். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. எங்கள் வழக்கம் அது. காலையில் குளித்துவிட்டு வந்து நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகப் படிப்பு தொடங்க நல்ல நாள் என்பதால், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அன்றைக்குக் காலையில் முதல் வகுப்பு வைத்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண். அப்பா ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். நல்ல நேரம் முடிவதற்குள் விமானம் மேலே போய்விட வேண்டும் என்று அவர் கண்டிஷனாகச் சொல்லியிருந்தார்.

நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்குத் தூரமாகிவிட்டது. நாள் இன்னும் இருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. என் வீட்டில் பூஜை அலமாரிக் கதவை மூடிவிட்டு, பேசாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சாமானை நான் தொட முடியாது. அண்ணாச்சியை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்காவிட்டாலும் புரிந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலமே வாட்ச்மேனுக்கும் தெரிந்துவிடும். 'நான் அப்பவே சொல்லல?' என்று அந்த ஆள் வாயைத் திறக்காமலே சிரிக்கும் சிரிப்பு என் கண் முன்னால் வந்தது. அதை நினைத்தாலே உடம்பு எரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் குடும்பமே தாம்பாளத் தட்டோடு நின்றது. பூ, பழம், ஃபோட்டோ எடுக்க ஒரு சித்தப்பா. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "வா தாயி, ஒனக்காவத்தான் காத்துக்கிட்டு கெடக்கேன். சட்டுனு கற்பூரத்தக் காட்டு, சாமான எடுத்துருவோம்" என்றார்.

"இப்ப எதுக்கு அண்ணாச்சி? நேரம் போவுது பாருங்க. ஃபிளைட் போயிட்டு வரட்டும், நிதானமா எடுத்துக்கலாம்" என்றேன்.

"பெட்ரோலு பாக்க வேண்டாமா?"

"நேத்து நான் பாத்துட்டேன். நீங்க வெளியில தள்ளுங்க முதல்ல."

அவரும் வாட்ச்மேனும் விமானத்தைத் தள்ளினார்கள். நான் கை வைக்கவில்லை. பொட்டு வைத்த விமானம் அல்லவா? தள்ளி நின்று அதிகாரம் மட்டும் செய்தேன். "இன்னிக்கு நம்மாளு மேடம் ஆயிட்டாங்க, கை வலிக்குமாம்" என்று வாட்ச்மேன் சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன்.

கேப்டனை அந்தக் குடும்பம் விடவில்லை. அந்தப் பெண் அவர் காலில் விழுந்தாள். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே இறக்கைப் பக்கம் நடந்தார். அவளுடைய அப்பா கடிகாரத்தைக் காட்டிக்காட்டிப் பின்னாலேயே போனார். கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்து, "பெட்ரோல் பாத்தாச்சாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தாச்சு சார்" என்றேன்.

அவ்வளவுதான். நான் சொன்னால் அவர் மறுபடி கேட்க மாட்டார். ஏறி உட்கார்ந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். விமானம் எழும்பி, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் திரும்பியது. இடது டேங்கில் கிளம்பி, மேலே போன பிறகு வலது டேங்குக்கு மாற்றுவது வழக்கம்.

கொட்டகையில் இருந்த வயர்லெஸ் பெட்டியில் அவர் குரல் வந்தது. பதட்டமே இல்லை. இஞ்சின் நின்றுவிட்டது, திரும்ப ஓட்ட முடியவில்லை, படப்பைக்கு இந்தப் பக்கம் உள்ள லேஅவுட் ரோட்டில் இறக்குகிறேன் என்று சொன்னார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் அப்பா கையில் தட்டோடு, "இன்னா சொல்றாரு? இன்னா சொல்றாரும்மா?" என்று என்னைக் கேட்டார். ஐயோ, வலது மூடி. ஏணி மேல் நின்று நான் தண்ணீர் அடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணாச்சி பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் கும்பிடாத சாமி இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, கேப்டனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். நடுவில், தண்ணீராக இருக்கக் கூடாது, வேறு ஏதாவது ரிப்பேராக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அதையும் வேண்டிக்கொண்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

லேஅவுட் என்றால் உங்களுக்குத் தெரியும். வயலாக இருந்த இடத்தில் தார் ரோடு மட்டும் போட்டு, மனைகளுக்குக் கல் நட்டு, கலர் கொடி கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வீடுகூட வரவில்லை. கேப்டன் அந்த ரோட்டில்தான் இறக்கியிருக்கிறார். குறுக்கே மாடு ஒன்று வர, ஓரமாகத் திருப்பியதில் மனைக்கல் ஒன்றில் முன் சக்கரம் மோதி உடைந்து, மூக்கு தரையில் குத்தி நின்றிருந்தது. சாமந்தி மாலை அறுந்து ரோடெல்லாம் பூ. ஷேர் ஆட்டோக்களை நிறுத்திவிட்டு ஜனங்கள் ஓடி வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் நெற்றியில் கர்ச்சீப்பை வைத்து அழுத்தியபடி கல் மேல் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கேப்டன் தரையில் மல்லாந்து கிடந்தார். யாரையும் தூக்க விடவில்லை. "முதுகுல அடி. ஆம்புலன்ஸ் வரட்டும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இல்ல சார். லேசா கீறல்தான்."

"தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து என்னைப் பார்த்து, "நீ ஏம்மா அழற? வண்டிய நீ நல்லாத்தான் வெச்சிருந்தே. டேங்க் மாத்தும்போது நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன். வயசாயிடுச்சுல்ல" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றி அத்தனை பேர். ஊரையே வாயால் அடக்கும் எனக்கு, அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு, கீழே கிடந்த காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, வலது இறக்கைக்கு அடியில் போய் வால்வைக் குத்தினேன். வந்தது தண்ணீர். வந்துகொண்டே இருந்தது. நீலம் வருவதற்குள் பாட்டிலில் பாதி நிரம்பிவிட்டது. அண்ணாச்சி என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அடப் பாவமே" என்றார். ஒரு காலி பாட்டில், ஒரு ஹேர்பின். பூஜை சாமான் எதையும் தொடாமல், யாரிடமும் எதையும் சொல்லாமல், காலையிலேயே இதைச் செய்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தப்பிப்பது என்பது மட்டும்தான் தோன்றியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அவர் அசையாமல் படுத்திருந்தார். மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே சொன்னேன்: "சார், உங்க தப்பு இல்ல. டேங்க்ல தண்ணி. கழுவும்போது நான்தான் மூடியை மறைக்கல. காலையில நான் பெட்ரோல் பாக்கவே இல்ல சார். பாத்தாச்சுன்னு பொய் சொன்னேன். கப்பு பூஜையில இருந்துச்சு."

"எடுத்திருக்கலாமேம்மா" என்றார்.

"தோணல சார்."

"சரி விடு. நானும் பாத்திருக்கணும். கையெழுத்துப் போட்டு வண்டிய எடுக்கிறவன் நான்தானே. உன்னைக் கேட்டுட்டு ஏறினது என் தப்பு." அப்படியே என் பக்கம் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. திட்டுவார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார், கேட்டால் என் மனசு ஆறும் என்று நினைத்துப் போயிருந்தேன். அந்த மனுஷன் என்னைத் தேற்றினார். "மெடிக்கலுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள எழுந்து நடந்துடுவேன். நீ வேணாப் பாரு" என்றார்.

நான் வெளியே வந்தபோது அவருடைய மனைவி பின்னாலேயே வந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் நகர முடியாது. "தோணலன்னு அவர்கிட்ட சொன்னே. என்கிட்ட நிஜத்தைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். புருஷனிடம்கூட அதுவரைக்கும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க வீட்டுல அதெல்லாம் பாக்கிறதில்லம்மா. அந்த நாள்ல சர்ச்சுக்கே போவேன்" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கறேன். உங்க சாமி கோவிச்சுக்கும்னு பயந்தியா, இல்ல அந்த ஆம்பளைங்க சிரிப்பாங்கன்னு பயந்தியா?" என்றார்.

"சிரிப்பாங்கன்னு மேடம்."

"அப்ப சாமி மேல பழியப் போடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே எனக்குக் கிடைத்த திட்டு அது ஒன்றுதான்.

விசாரணைக்கு வந்தவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூடி பற்றி மட்டும் பேசாதே என்றார். மூடி பற்றியும் பேசினேன், என்னைப் பற்றியும் பேசினேன். கிளப்பை மூடிவிட்டார்கள். அண்ணாச்சி ஊருக்குப் போய்விட்டார். நான் திரும்பவும் ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். அந்தப் பெண் வேறு ஊரில் சேர்ந்து நன்றாகப் படிக்கிறாள். விஜயதசமி ராசிதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவளுடைய அப்பா இன்றைக்கும் சொல்கிறாராம்.

என் புருஷனிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து, "இன்னாமே நீ. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா, தல போயிடுமா? ஊருக்கே வாயி நீளும், அன்னிக்கு மட்டும் எங்க போச்சு?" என்றார். நியாயமான கேள்வி. அவர் எழுந்து கை கழுவப் போனார். தூக்கம் மட்டும் எனக்கு விபத்து நடந்த நாளிலிருந்து போயே போய்விட்டது. கண்ணை மூடினால் ஏணி மேல் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் இல்லாவிட்டால் படப்பைக்குப் போவேன். எங்கள் கொல்லையில் விளைந்த கீரையோ கத்தரிக்காயோ எடுத்துப் போவேன். அந்த அம்மா வாங்கிக்கொள்வார், பேச மாட்டார். எனக்குத் தூக்கமே வருவதில்லை என்று ஒரு நாள் அவரிடம் சொன்னபோதும் கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேப்டன் முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடப்பார். முதலில் சுவரைப் பிடித்து நடந்தவர், அப்புறம் கம்பு, அப்புறம் ஒன்றும் இல்லாமல். "எப்படி இருக்கு நடை? பாஸ் பண்ணிடுவேன்ல?" என்பார். "டபுள் பிரமோஷனே குடுப்பாங்க சார்" என்பேன். டீயில் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். குனிந்து செருப்பு மாட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். இந்த ஒன்று மட்டும் நடந்துவிட வேண்டும், அவர் மறுபடி ஒரு தடவையாவது மேலே போய்விட வேண்டும் என்று நான் நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை. அவருக்காக ஒரு தடவை அவருடைய சர்ச்சுக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

மெடிக்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹாலில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஃபெயில்மா" என்றார், சிரித்துக்கொண்டே. "ஆனா கேளு, முதுகெல்லாம் பாஸ். டாக்டரே ஆச்சரியப்பட்டார். கண்ணுதான் காலை வாரிடுச்சு. உள்ள பிரஷர் ஏறியிருக்காம். ரொம்ப நாளாவே இருந்திருக்குமாம். அந்த லேண்டிங் நடக்காம இருந்தாலும் இந்த வருஷம் என்னை நிறுத்தித்தான் இருப்பாங்க. அதனால நீ இனிமே மனசைப் போட்டு உழப்பிக்காதே. புரியுதா?"

எனக்கு அடி வயிற்றிலிருந்து ஒரு 'அப்பாடா' எழும்பியது. அவர் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று சொல்கிறார், எனக்கு நிம்மதி. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்த நிம்மதி என்னை விட்டுப் போகவில்லை. அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தேன், ருசியாக இருந்தது. இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். பேப்பரை மடிப்பேன் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

கிளம்பியபோது அந்த அம்மா கேட் வரைக்கும் வந்தார். அப்படி வந்ததே இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. முதுகுதான். இனிமே முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீ தூங்குறதே இல்லன்னு என்கிட்ட ஒரு நாள் சொன்னியே, அதை நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். அதுக்குத்தான் இந்தக் கண்ணு கதை. ரெண்டு நாளா என்னை வெச்சு ஒத்திகை பாத்தாரு." கேட்டின் கொக்கியைப் போட்டார். "நீ தூங்கும்மா. வேணாம்னு சொல்லல. ஆனா அதை நம்பிட்டுத் தூங்காத."

பஸ் ஸ்டாப் வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. திரும்பிப் போய், சார், எனக்கு எல்லாம் தெரியும், என்னை நாலு அறை அறைந்துவிடுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அவர் எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "இப்பல்லாம் நல்லா தூங்குறியாம்மா?" என்று கேட்டார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நல்லா தூங்குறேன் சார்" என்றேன். "படுத்தா விடிஞ்சாதான் எழுந்திரிக்கிறேன். எங்க வூட்டுக்காரர்கூடக் கிண்டல் பண்றாரு."

"அதான் வேணும்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். முதுகில் சுருக்கென்றிருக்க வேண்டும், முகம் ஒரு கணம் கோணியது. ஆனால் சிரிப்பு போகவில்லை. இஞ்சின் நின்ற விமானத்தைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்த ஆளின் சிரிப்பு அது. பறப்பதை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். இதையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.